கேட்காமல் மூடும் பட்டன்

புதன், 10

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையில் ஃபேன் இன்னும் ரிப்பேர். முதலாளி முத்துசாமி சாரிடம் (இனி மு. சார்) சொன்னால் "பாப்போம்மா". அதோடு சரி.

வாங்க: டோனர், பேப்பர் இரண்டு கட்டு, வலது மணிக்கட்டுக்குத் தைலம்.

இன்று ஒரு நல்ல காரியம். பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் எதிரில் மனு அடிக்கும் கடை, கம்ப்யூட்டரில் இருப்பதோ அரதப்பழசான வேர்டு. ஒவ்வொரு மனுவையும் மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்கும். அச்செடுத்துக் கையில் கொடுத்த மனுவைச் சேமித்து நான் என்ன செய்ய? திங்கள்கிழமை குறைதீர் நாளில் அறுபது மனு. அறுபது தடவையும் இல்லை, இல்லை, இல்லை. டூல்ஸில் போய் கீபோர்டையே மாற்றிவிட்டேன். எஃப்9 அழுத்தினால் அச்சு. எஃப்10 அழுத்தினால் சேமிக்காமல், கேட்காமல் மூடிவிடும். பத்து முறை அழுத்திப் பார்த்தேன். சனியன் வாயை மூடிக்கொண்டது. ஒரே சந்தோஷம்.

வெள்ளி, 12

அனல் காற்று. மதியம் கடை காலி. மு. சார் தூக்கம்.

மூன்றரைக்கு ஓர் அம்மா. பவுனம்மா, பாடாலூர் பக்கம் ஒரு ஊர். ஐம்பது வயது இருக்கும். மகன் செல்வம் கல்குவாரியில் வேலை. போன வாரம் செத்துப்போனான். ரோட்டில் ஏதோ வண்டி மோதியதாகப் போலீஸ் காகிதத்தில் எழுதியிருக்கிறது.

"அவன் ரோட்டுல சாவலம்மா. நான் சோறு எடுத்துட்டுப் போனேன். என் கண்ணு முன்னாடிதான் கல்லு சரிஞ்சுது."

குவாரிக்காரர்கள் உடம்பை டிராக்டரில் ஏற்றி மெயின்ரோட்டு ஓரத்தில் கிடத்தியிருக்கிறார்கள். ஓட்டியவன் சின்னத்தம்பி. அதே தெருக்காரன். நேரம் சொன்னாள், மகனின் சட்டை நிறம், தூக்குவாளியில் இருந்த கீரைக்குழம்பு, எல்லாம். சுவரைப் பார்த்தே பேசினாள். அழவில்லை. முக்கால் மணி நேரம். ஒரு வார்த்தை விடாமல் அடித்தேன்.

"இதை நான் இன்னும் வூட்டுலகூட சொல்லலம்மா."

"அஞ்சு மணிக்குள்ள தபால் செக்‌ஷன்ல குடுத்து முத்திரை வாங்கிடுங்கக்கா. அப்புறம் ஒருத்தனும் மறைக்க முடியாது" என்றேன் பெரிய மனுஷி மாதிரி. எஃப்9 என்று நினைத்து எஃப்10-ஐ அழுத்தினேன்.

வெறும் திரை.

எல்லா ஃபோல்டரிலும் தேடினேன். எதுவும் இல்லை. கேட்காதே என்று சொல்லி வைத்தவளே நான்தானே.

அவளிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு தரம் இன்னிக்கு என்னால ஆவாதும்மா. பஸ்ஸும் போயிடும். திங்கக்கெழம வரேன்."

"நானே ஞாபகமா அடிச்சுடறேன்க்கா, செத்த இருங்க."

இருக்கவில்லை. பாவி நான்.

சனி, 13

ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் தலைவலி. ஞாபகத்திலிருந்து முழுவதும் அடித்தேன். சட்டை நீலமா, மஞ்சளா? அது ஒன்றுதான் சந்தேகம். சின்னத்தம்பி பேர் சரி. கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. எஃப்10-ஐப் பழையபடி மாற்றிவிட்டேன். கேட்டுத் தொலையட்டும்.

மு. சார்: "ஏம்மா, ஒரு மனுவுக்கா இவ்ளோ? திரும்ப அடிச்சாப் போச்சு." ஒரு வரி அடிக்கத் தெரியாது, பேச்சு மட்டும்.

ஞாயிறு, 14

கரண்ட் இல்லை. துணி துவைத்தேன். மாவு ஆட்டவில்லை. அரியலூரிலிருந்து தம்பி போன், அவன் மகளுக்குக் காதுகுத்தாம். வருகிறேன் என்றேன். மனசில்லை. அந்த அம்மா வருவாளா?

திங்கள், 15

வந்தாள். பதினோரு மணி, நல்ல கூட்டம். அடித்து வைத்ததை மெதுவாகப் படித்துக் காட்டினேன். கல் சரிந்ததற்குத் தலையாட்டினாள். சட்டை மஞ்சள் என்றாள். டிராக்டர் பற்றிய வரி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பேர எடுத்துடும்மா."

"ஏங்க்கா? அவருதானே ஓட்டுனாரு?"

"நான் மனு குடுக்க டவுனுக்கு வந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நேத்து அவன் பொண்டாட்டி ரெண்டு புள்ளைங்களோட வந்து என் கால்ல விழுந்து கெடந்தா. இவரு பேரு வந்தா இவரையும் ரோட்டுல கெடத்திடுவாங்கக்கான்னு அழுவுறா. வெள்ளிக்கெழமயே குடுத்திருந்தா குடுத்ததுதான். இப்ப எப்படிம்மா?"

"உங்கள விட்டா வேற சாட்சியே இல்லாமப் போயிடும்க்கா."

"எடுத்துடு."

"நெசமாவா?"

"எடுத்துடு கண்ணு."

பின்னால் ஒருவன், "சீக்கிரம் ஆவட்டும்மா" என்று கத்தினான். எடுத்தேன். இப்போது அந்த மனுவில் டிராக்டர் தானாக வந்து, தானாக ஏற்றிக்கொண்டு போகிறது. அச்சு. கைநாட்டு வைத்தாள். கம்ப்யூட்டரில் இருந்ததை அவள் எதிரிலேயே அழித்தேன்.

"வேற எங்கயும் எழுதி வெக்கலயே?"

"இல்லக்கா."

போய்விட்டாள்.

மொத்தம் ஐம்பத்தெட்டு மனு. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. சாயங்காலம் கடை அடைக்கும்போது பென்டிரைவைச் செருகினேன். அழி என்றேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்டது. மு. சார் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, "இன்னும் என்னம்மா?" என்றார்.

"ஒன்னுமில்ல சார்."

திரை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பென்டிரைவை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.