கொழுந்தனைக் கட்டினால் பென்ஷன் போகாதாம்

கோட்டையூர்,
9.7.1972

மதுரை மில்லில் பஞ்சோடு பஞ்சாகப் பறக்கும் குழந்தைவேலு மச்சானுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. தலைவலி மட்டும் உண்டு. அது உங்கள் அம்மா.

உங்கள் அண்ணன் மலையாண்டி மச்சான் சண்டையில் செத்த பிறகு, எங்களோடு வந்து இருக்கும் பொன்னழகு அக்காவுக்கு வரும் பென்ஷனைச் சர்க்கார் இப்போது கூட்டிவிட்டது. அதை அக்கா அத்தையிடம்தான் கொடுக்கிறாள். வலையபட்டியில் உங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான். இப்போது கம்பவுண்டர் அழகுசுந்தரம் அக்காவைப் பெண் கேட்டு வந்தார். அக்காவுக்கும் சம்மதம். நம் சனத்தில் அறுத்துக்கட்டுவது புதிதுமில்லை.

ஆனால் மறுபடி கட்டினால் பென்ஷன் நின்றுவிடும், செத்தவரின் தம்பியைக் கட்டினால் நிற்காது என்று சட்டமாம். பட்டாளத்தார் ஆபீசில் யாரோ அத்தை காதில் போட்டுவிட்டார்கள். “எம் மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில ஊசி குத்துறவன் எதுக்கு?” என்று கிளம்பி வந்துவிட்டார். அப்பா, தங்கச்சி முகத்துக்கு அஞ்சி வெற்றிலையை மட்டும் மென்றார்.

சட்டம் எழுதியவர் உங்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பார். ‘முடியாது’ என்று அத்தைக்கு ஒரு கார்டு போடுங்கள்.

புஷ்பவள்ளி

மதுரை,
30.7.1972

அன்புள்ள புஷ்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் கடுமை. சாப்பாடு பரவாயில்லை. அண்ணி எனக்குச் சோறு ஊட்டியவள். அவளை நான் எப்படி? ஆனால் நான் மில்லில் பதிலி ஆள். வேலை கொடுத்தால்தான் கூலி. முடியாது என்றால் அம்மா எதைச் சாப்பிடும்? யோசித்து எழுதுகிறேன்.

குழந்தைவேலு

கோட்டையூர்,
3.9.1972

யோசனை மச்சானுக்கு,

நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அத்தை ஆவணியில் நாள் பார்த்து, அது தப்பியதால் ஐப்பசிக்குப் பார்த்துவிட்டார். கம்பவுண்டர் எங்கள் தெருவையே சுற்றிப் போகிறார். அக்கா வைக்கும் ரசத்தில் உப்பு இரட்டிப்பு. நான் தின்று கஷ்டப்படுகிறேன். நீங்கள் ஏன் பதில் எழுதக் கஷ்டப்படுகிறீர்கள்?

எழுத வராவிட்டால் நானே எழுதி அனுப்புகிறேன். கைநாட்டாவது வையுங்கள்.

புஷ்பவள்ளி

வெல்லிங்டன்,
22.10.1972

அன்புள்ள புஷ்பாவுக்கு,

பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன். இங்கே குளிர். சம்பளத்தில் பெரும்பங்கை மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன். இனி பென்ஷன் நின்றாலும் அடுப்பு எரியும். அண்ணியை இஷ்டம்போல் கட்டிக்கொள்ளச் சொல். எனக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போகவேண்டும் என்று கேட்டார்கள். அம்மா பேரைச் சொன்னேன்.

குழந்தைவேலு

கோட்டையூர்,
2.12.1972

பட்டாளத்து மச்சானுக்கு,

ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அதைச் சொல்லப் பயந்து துப்பாக்கி தூக்கப் போயிருக்கிறீர்கள். இந்த மாதிரி கோழையை எந்தப் பட்டாளத்தில் எடுத்தார்கள்?

உங்கள் கடிதத்தை நான்தான் அத்தைக்கு வாசித்தேன். கடைசி வரியை விட்டுவிட்டேன். விட்டும் பிரயோசனமில்லை, பட்டாளம் என்றதுமே தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்த வாயை அடக்க நான் இத்தனை நாள் பாடுபட்டேனோ, அந்த வாய் அன்று முழுக்கத் திறக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

மறுநாள் அக்காவின் கையைப் பிடித்து, “நீ அந்த ஊசிக்காரனையே கட்டிக்க ஆத்தா. பென்சனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எம் மகன மட்டும் வரச் சொல்லு” என்றார். பட்டாளத்துச் சட்டத்தில் திரும்பி வர ஒரு வரியும் இல்லை என்று யார் அவரிடம் சொல்வது?

கல்யாணம் கோவிலூரில், வைகாசியில். உங்களுக்கு லீவு கிடைக்கட்டும் என்று அக்காதான் தள்ளிப்போட்டாள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால், கூடப்பிறந்தவன் செய்யும் முறையை நீங்கள் வந்து செய்யவேண்டுமாம். வாருங்கள், அக்காவுக்குத் தம்பியாக நில்லுங்கள். அந்த முறையை நூல் பிடித்து என்வரைக்கும் கொண்டுவந்தால் மட்டும், தாலி கட்டி முடிக்குமுன்பே உங்களை ரயிலேற்றிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டு வந்தால் குனியுங்கள். அங்கே போய் யோசிக்க வேண்டாம்.

உங்களுக்குத் தங்கச்சி ஆகமாட்டாத,
புஷ்பவள்ளி