கட்டிலுக்கு அடியில் இருப்பவன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினேன். வழக்கம்போல எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "இப்ப ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். இப்ப இழுப்பேன், சத்தம்தான் பெருசா கேட்கும், வலிக்காது." முடிந்தபிறகு, இவ்வளவுதானா என்று கேட்டுச் சிரித்தார். பயத்தைக் கலைப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரருக்கு அதைக் கிளப்புவது பிழைப்பு. திகில் படம் எடுக்கிறவர். எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

எடுக்கிறவர் என்பதா, எடுத்தவர் என்பதா? வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். படப்பிடிப்பு முடிந்த கையோடு கண் போய்விட்டது. நரம்பு கெட்டுவிட்டது, பார்வை இனித் திரும்பாது என்று கண் மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தே சொல்லிவிட்டார். எடிட்டிங் அப்படியே கிடக்கிறது.

மார்ச் 6, வியாழன்

தயாரிப்பாளர் வந்தார். "கடைசி சீன் எடுபடல. மாசக் கடைசிக்குள்ள முடியலைன்னா வேற டைரக்டரை வச்சு முடிச்சுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வேறெப்படி எடுத்துக்கொள்வதாம்?

இவர், "அதுவே நல்லது" என்றார். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

வம்பு பண்ணி எடிட்டிங் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். திரையில் தெரிவதை நான் சொல்வது, அவர் கேட்பது என்று ஏற்பாடு. எடிட்டரை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு வெட்டு வெட்டினால் ஒரு டம்ளர் டீ குடிக்கிற மனிதர். முதலில் எனக்கு மட்டும் ஒருமுறை போட்டுக் காட்டினார். வேலைக்குப் போன பெண் வீடு திரும்பிக் கட்டிலில் உட்கார்கிறாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து அவள் காலைப் பிடிக்கிறது. உதறிவிட்டு ஓடித் தப்பிக்கிறாள்.

இரண்டாம் முறை அவருக்காக ஓடவிட்டு நான் ஆரம்பித்தேன். "கதவைத் திறக்கறா. கட்டிலுக்கு அடியில ஒருத்தன் இருக்கான், இப்ப கையை நீட்டுவான், பயப்படாதீங்க."

மின்னல் டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா, அவன் இன்னும் வரவேயில்ல."

கிளினிக் வாய் கிளினிக் வாய்தான். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இவர், "இரு" என்றார். "அவ இப்ப என்ன பண்றா?"

"செருப்பைக் கழட்டறா."

"அப்புறம்?"

"உக்காந்து கால ஆட்டறா."

"கால ஆட்டறா" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது. "நான் அவனை ஒளிச்சு வச்சேன். கை வந்ததும் ஒரு நிமிஷம் தூக்கிப்போடும், அதோட சரி. நமக்கு முன்னாடியே தெரிஞ்சு, அவளுக்குத் தெரியலைன்னா? அவ கால ஆட்டறதே போதும்."

அவன் கட்டிலுக்கு அடியில் புகுவதை எடுத்திருந்தார்களாம். இவர்தான் வேண்டாமென்று தூக்கிப் போட்டிருக்கிறார். மின்னல் தேடப் போனார், முதல்முறையாக வேகமாக.

மார்ச் 10, திங்கள்

குளிக்கும்போது விசிலடித்தார்.

மார்ச் 14, வெள்ளி

எங்கே நீட்டுவது, எங்கே வெட்டுவது என்று அவரால் பார்க்க முடியாதே. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ பாரு. பேசாதே." எனக்கு இதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

என் நாடி எகிறியதும் "இன்னும் கொஞ்சம் விடு" என்கிறார். நான் மூச்சை அடக்கியதும் "இங்க வெட்டு" என்கிறார். பின்னணி இசையை எடுத்துவிடச் சொன்னார். இசை வந்தால் ஜனங்கள் உஷாராகிவிடுவார்களாம். மின்விசிறி சத்தம் மட்டும்தான் இப்போது.

"அவ தப்பிச்சிடுவான்னு எனக்குத் தெரியும். அப்புறமும் நெஞ்சு ஏன் அடிச்சுக்குது?"

"அவளுக்குத் தெரியாதே" என்றார்.

வேலைக்காகத்தான் கையைப் பிடித்தார். மின்னலுடைய கையைப் பிடித்திருந்தாலும் ஆகியிருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. கண் போனபிறகு இன்றுதான் அவராக என்னைத் தொட்டிருக்கிறார்.

மார்ச் 20, வியாழன்

சண்டை. தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். அதில் ஆரம்பித்து, "இது என் படமே இல்ல. உன் கண்ணு, உன் மூச்சு. நான் சும்மா பொம்மை" என்றார்.

என்ன பேச்சு இது? கண்ணு என்னுதுதான். ஆனா நான் பாத்ததுல எது வேணும், எது வேண்டாம்னு எனக்கு எங்க தெரியுது? மூச்சு தானா நிக்குது — அது எந்த இடத்துல நிக்கணும்னு முடிவு பண்ணினது யாரு? நானா?

இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அழுதேன். அவர் உருண்ட டம்ளரைத் தடவி எடுத்து வைத்தார். பிறகு, "அவ செருப்பைக் கழட்டின பக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டா இருக்கணும். நாளைக்கு ஞாபகப்படுத்து" என்றார்.

மார்ச் 29, சனி

தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினோம். இவர் என் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தார். நான் திரையைப் பார்க்கவேயில்லை, தயாரிப்பாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செருப்பைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். தயாரிப்பாளர், அவ்வளவு பெரிய மனிதர், இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

அதை இவர் காதில் சொன்னேன். இவர் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

வேறு டைரக்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அடுத்த படத்துக்கு வீடு பார்க்கப் போயிருக்கிறார், மின்னலோடு. நானும் வருகிறேன் என்றேன். "உனக்கு கிளினிக் இருக்கு. போய் பல்லைப் பிடுங்கு" என்றார். திரும்பும்போது மாடிப்படியிலும் தனியாகத்தான் வருவாராம். மின்னல் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட வேண்டுமாம்.

ஐந்துக்கு வருவதாகச் சொன்னார். இருட்டப் போகிறது. போன் பண்ணலாம். பண்ணவில்லை. கை போனுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கார் நின்ற சத்தம். போய்விட்டது.

கீழ்க்கதவு. கோல் படியில் தட்டுகிறது. நின்றுவிட்டது — ஏன் நின்றது? மறுபடி தட்டுகிறது. பாதிப் படி வந்திருப்பார். அந்தத் திருப்பத்தில் கைப்பிடி கிடையாது.

நான் எழுந்திருக்கவில்லை.