ஓரகத்திக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

கிராகோவ்

அன்புள்ள நெவேனா அக்காவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அத்தை சரியாகச் சாப்பிடுகிறார்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த வாரம் அகராதியில் 'யென்த்ரி' என்ற சொல் என் பங்குக்கு வந்தது. ஆதி ஸ்லாவியர் ஓரகத்தியை அப்படிச் சொல்லியிருக்கலாம். சமஸ்கிருதத்திலும் அதற்கு உறவு உண்டு. எழுத்தில் கிடைக்காமல் நாங்களே கணித்த சொல் என்பதால் முன்னால் நட்சத்திரம் போடுவோம். வேற்றுமை ஏற்கும்போதுதான் அதில் 'வ' தலைகாட்டும். நம் பல்கேரிய 'எதர்வா'வில் அது நிலைத்துவிட்டது.

போலந்தில் இந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. "இன்னுமா இதைச் சொல்றீங்க?" என்றாள் பக்கத்து மேசைக்காரி போகுமிலா.

"எங்க எதர்வா போன மாசம்தான் மிளகாய்த் தொக்கு அனுப்பினாங்க."

"அடேயப்பா, செத்த சொல்லு தொக்கு அனுப்புது!" என்று சிரித்தவள், "புருஷன் போயிட்டா அப்புறமும் எதர்வாதானா? பொருள்ல எழுதணுமே" என்றாள். என் மிலென் இறந்ததை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

தொக்கு தீர்ந்துவிட்டது, முடிந்தால் அனுப்புங்கள். அடுத்த மாதம் நம் ஊர் வழக்கப்படி மிலெனின் மூன்றாம் ஆண்டு நினைவுத்தாளை வாசற்கதவில் ஒட்டுவீர்கள். அதில் துயரப்படுவோர் வரிசையில் என் பெயரை மனைவி என்று தனியாக மேலே போட வேண்டாம். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

தபால் நிலையம் மூடப்போகிறது.

எலித்சா