கடுகு வெடிக்காத கப்பல்

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. சித்தியவான் ரோடெல்லாம் தண்ணீர். என் புருஷன் ரவி காலையிலேயே சிடுசிடு. அவன் பார்த்துக்கொள்ளும் கோழிப் பண்ணையில் தீனி இன்னும் ஒரு வாரத்துக்குத்தான். சோளக் கப்பல் செங்கடல் பக்கம் சண்டை என்று ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு நாளைக்குத்தான் வந்து சேருகிறது. எங்கோ அடித்துக்கொள்கிறார்கள், பட்டினி எங்கள் ஊர்க் கோழிக்கு.

"நாளைக்கு நீதானே ஏறிப் பார்க்கிற? சட்டுனு உள்ள விட்டுரு லா."

கப்பல் என் அப்பன் வீட்டுச் சொத்து பாரு! நோய் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் மஞ்சள் கொடி இறங்கும், கப்பல் லுமுட் துறைக்குள் வரும். துறைமுகச் சுகாதார அதிகாரிக்கு அவ்வளவுதான் அதிகாரம்.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பூனைக்கு மீன், மழைக்கோட்டுக்குப் பட்டன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. படகு தூக்கிப் போட்டது. வாந்தி எடுக்கவில்லை, சாதனை.

கேப்டன் கொடுத்த தாளில் நோயாளி யாரும் இல்லை. சமையலறையைப் பார்க்கப் போனேன். சமையல்காரர் மாரியப்பன், தூத்துக்குடிக்காரர். பருப்பு, பூசணி எல்லாம் வெறுமனே வெந்து கிடந்தன. நாலு நாளாக ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று ஒரு பிலிப்பினோ மாலுமி என்னிடம் புகார். கடுகு டப்பாவோ வாய்வரை நிறைந்திருந்தது.

பொறி தட்டியது. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் பக்கத்து வீட்டில்கூடத் தாளிக்க மாட்டார்கள்.

"அண்ணே, யாருக்கு அம்மை போட்டிருக்கு?"

அகப்பையை வைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "என் மச்சானுக்கு, மேடம். இஞ்சின் ரூம்ல வேலை. டூட்டி முடிஞ்சு தூங்குதான்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா எறக்கி விட்ருவாங்க. அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

"மூச்சு?"

"வாங்குது, மேடம்."

மச்சான் படுத்திருந்த அறைக்கு ஓடினேன். தலைமாட்டில் வேப்பிலைக்குப் பதிலாகக் காய்ந்த கறிவேப்பிலை. முகமெல்லாம் கொப்புளம், உடம்பு கொதித்தது. சுற்றுவழியில் எண்ணெய் போட நின்ற துறைமுகத்தில் ஒட்டியிருக்கும். உடனே படகில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு. கையெழுத்துப் போடவில்லை. குரங்கம்மையாக இருந்தால்? ஈப்போவிலிருந்து சோதனை முடிவு வரும்வரை கப்பல் வெளியேதான்.

வீட்டில் ரவி: "அலாமா! நெசமாவே நிறுத்திட்டியா? கோழிக்கு நான் என்னத்த போடுறது?"

"அங்க ஒரு மனுசன் சாகக் கெடக்குறான்!" கத்திவிட்டேன். பூனைக்கு மீன் மறந்துவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

வெயில். இன்னும் முடிவு வரவில்லை. அந்த மச்சான் பிழைக்காமல் போனால் மாரியப்பன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போன். ஆக்சிஜனை எடுத்துவிட்டார்களாம். கஞ்சி கேட்டாராம்! அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ரவி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அந்த ஆளு எப்படி இருக்காரு?" கோழியைப் பற்றி அப்புறம்தான். பீடோர் பண்ணைக்காரர் ஒருவர் ஒரு லாரி தீனி அனுப்புகிறாராம், சமாளிக்கலாமாம். என் புருஷன் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

நவம்பர் 8, சனி

சாதாரண அம்மைதான்! கப்பலில் வேறு யாருக்கும் இல்லை. அம்மையே காணாதவர்களுக்கு ஊசி போட்டாயிற்று. ஆள் தேறியதும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கேப்டன் எழுதியே கொடுத்துவிட்டார்.

கையெழுத்துப் போட மறுபடி படகு. ஏணியில் பாதிகூட ஏறவில்லை, மூக்கில் மிளகாய்க் காரம், அடுக்குத் தும்மல். மேலே மாரியப்பன், கையில் கரண்டி.

"மச்சானுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டாங்களாம், மேடம். கடுகு போட்டுட்டேன்."