கடைசி இரண்டு வரி

அண்ணாத்தே,

பூந்தமல்லி விறகுத் தொட்டியிலிருந்து இன்று காலை விறகு வந்து இறங்கியது. அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டையில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். நாரை எச்சம். பனியில் நனைந்து அந்தப் பழைய கவிச்சி எழுந்தது. நம் பாரிவாக்கம் ஏரிக் கருவேலம், சுற்றி வளைத்து என் அடுப்படிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அசதிதான்.

கார்த்திகையில் நாரைகள் வந்து ஏரிக்குள் இருக்கும் மரங்களில் கூடு கட்டிவிட்டால், பங்குனியில் குஞ்சு பறக்கும்வரை கரையில் மேளமும் கிடையாது, வேட்டும் கிடையாது. கல்யாண ஊர்வலம்கூடக் கரையேறியதும் ஊமையாகிவிடும். விஷயம் தெரியாத வெளியூர் மேளக்காரன் எவனாவது தட்டிவிட்டால், நீ ஓடிப்போய் மேளத்தின் மேல் கையை வைத்து அமுக்குவாய். "கொயந்த தூங்குது நைனா" என்பாய். எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு எரு வேண்டாம் என்பது ஊரார் சொல்லும் காரணம். உனக்குக் காரணமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கீழே விழுந்த குஞ்சை மடியில் கட்டிக்கொண்டு முள்மரத்தில் ஏறுவாய். மார்பெல்லாம் கீறலோடு இறங்குவாய். "அது அந்தக் கூடுதான்னு இன்னா நிச்சயம்?" என்று நான் கிண்டல் செய்வேன். "ஆத்தாக்காரி பாத்துக்குவா, நீ கம்முனு இரு" என்பாய்.

சண்டை வந்தது. ஆவடியில் பட்டாளம் இறங்கியது. விறகுக்கு எங்கும் தட்டுப்பாடு. ஏரி மரங்களை வெட்டக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். ஊர் கூடித் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது யோசனை சொன்னவன் நீ. "அந்தக் குத்தகைய நாமளே எட்த்துகினு, வெட்டாம உட்டா இன்னா பண்ணுவான்?" சிரித்தோம். எடுத்தும் விட்டோம்.

பத்திரம் வந்த அன்று கரையில் எல்லோரும் கூடினார்கள். படிக்கத் தெரிந்தவன் பள்ளிக்கூட வாத்தியாரான நான் ஒருவன்தான். உச்சி வெயில். எல்லை, மரம், கையெழுத்து என்று வாசித்துக்கொண்டே போனேன். அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. எப்போதும் போடுகிற சம்பிரதாயம்தானே என்று மடித்துவிட்டேன். "அவ்ளோதானா வாத்தியாரே?" என்று கேட்டாய். "அவ்ளோதான்" என்றேன். நீ அதை வாங்கி உன் வீட்டுக் கூரை மூங்கிலில் செருகி வைத்தாய்.

தை முடிவதற்குள் மரங்களை வெட்டி அப்புறப்படுத்தாவிட்டால் குத்தகை ரத்தாகி வேறு ஆளுக்குப் போகும். அந்த இரண்டு வரி சொன்னது அதைத்தான்.

மாசியில் காண்டிராக்டர் ரம்பமும் வண்டியுமாக வந்தான். குஞ்சுகளுக்கு இறகுகூட முளைக்கவில்லை. ஊரே தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்றது. கூட வந்த அதிகாரி தன் கையிலிருந்த பத்திரத்தை உரக்கப் படித்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எங்க வாத்தியாரு படிக்கச்சொல்ல இது இல்ல சாமி. அப்பால எய்திகினு வந்துகீறீங்க!" நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடியது மூடியதுதான்.

பங்குனி வரை தினமும் முறை வைத்துத் தண்ணீரில் நின்றோம். குஞ்சுகள் பறந்தன. மறுநாள் ரம்பம் ஏறியது.

போன கார்த்திகையில் காய்ச்சல் கண்டு நீ போய்ச் சேர்ந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு கரையேறியதும், யாரும் சொல்லாமலே மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஏரியில் ஒரு மரம்கூட இல்லை. நாரைகள் மட்டும் இறங்க இடமில்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அழுதேன் அண்ணாத்தே. பாதி உனக்காக, பாதி வெட்கத்தில்.

மூன்று நாள் சுற்றிவிட்டு அவை ரோட்டோரப் புளியமரங்களில் கூடு கட்டின. இப்போது அந்தப் புளியமரங்களையும் வெட்டப்போவதாக நோட்டீஸ். நேற்று மரத்தடியில் கூட்டம். அச்சாபீஸ் பேர்வரை விடாமல் படித்தேன். படித்துவிட்டு, அந்தப் பழைய இரண்டு வரியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். உன் சம்சாரம்தான் எழுந்தாள்.

"அது அவுருக்கு அப்பவே தெரியும் வாத்தியாரே. தண்ணில நின்ன மறுநாளே மூங்கில்ல இருந்த காயிதத்த எட்த்துகினு பூந்தமல்லிக்குப் போயி, வேற ஒருத்தர படிக்கச் சொல்லிக் கேட்டுகினு வந்தாரு."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட கேக்கல?"

"நானும் அதான் கேட்டேன். 'ஊரு முன்னால அவுரு தல குனிஞ்சிட்டா, அடுத்த மனு யாருடி எய்துவா?'ன்னாரு."

இது தெரிந்துதான் ஒரு மாசம் என் பக்கத்தில் தண்ணீரில் நின்றாயா? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

புளியமரத்துக்கான மனுவை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஜெயிக்கும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை. கையும் வலிக்கிறது. அந்தக் கட்டையை மட்டும் அடுப்பில் வைக்க மனம் வராமல் ஓரமாகப் போட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் கடைசி வரிவரை உரக்கப் படிப்பேன். யாரும் கேட்க மாட்டார்கள். இருந்தாலும், "அவ்ளோதான் அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை மடிப்பேன்.