சல்லடைக் கண்

மந்தைவெளி,
ஜூன் 17

அன்புள்ள ஷண்முகப்ரியாவுக்கு,

ரெனிட்டா எழுதுகிறேன். ஜவ்வாது மலையில் நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று மாதமாக நீ போனை எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் ஹாஸ்டலில் நீ கேலி செய்த அதே கோழிக் கிறுக்கலில் இந்தக் கடிதம்.

உன் சாமையைத் திருப்பி அனுப்பியதைப் பற்றித்தான் எழுத வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குறை உன் தானியத்தில் இல்லை.

எங்கள் கம்பெனி லேபில் ஒரு சல்லடை இருக்கிறது. அதில் சலித்துக் கீழே விழுவதெல்லாம் கழிவு. அதன் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தாளில் எழுதியவள் நான்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால், மார்க்கெட்டில் வாங்கிய பெரிய மணியை வைத்து எழுதினேன். பிறகு நானே உங்கள் மலைக்கு வந்து, யூரியாவை விடுங்கள், உங்கள் ஊர் விதையையே போடுங்கள், விளைவதையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். உங்கள் விதையின் மணி சிறியது என்று எனக்குத் தெரியும். சல்லடையை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

மார்ச்சில் லோடு வந்த அன்று மூன்றில் ஒரு பங்கு கீழே கொட்டியது. பார்த்தவுடனே தப்பு என் சல்லடையில் என்று புரிந்துவிட்டது. மூட்டை இறக்க வந்த வேலுகூட ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, மணி நல்லாத்தானே கீது மேடம், இன்னாத்துக்குத் திருப்பி அனுப்புறீங்க என்று கேட்டார். பக்கத்தில் மேனேஜர் சேரன் சார் நின்றிருந்தார். அந்த வாரம்தான் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியது. தப்பு என்னுடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை. தரம் குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து அம்மாவோடு கடைக்குப் போனேன். எங்கள் சாமைப் பாக்கெட்டின் மேல் படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அம்மா பெருமையாக, உன் ஃப்ரெண்டுடி என்று எடுத்துக் கூடையில் போட்டாள். உள்ளே இருந்தது உன் சாமை இல்லை, எங்கிருந்தோ வாங்கியது. அன்று செய்த பொங்கலை நான் தொடவில்லை. வெட்கமாக இருந்தது ப்ரியா.

திங்களன்று எல்லாவற்றையும் எழுதி மேலே கொடுத்துவிட்டேன். சல்லடையை மாற்ற வேண்டும். முறையை மாற்றச் சொன்னது நம் கம்பெனிதான் என்பதால், முதல் சில வருடம் விளைச்சல் குறைந்தால் அதை நாமும் சேர்ந்து தாங்க வேண்டும். என்ன விலை, எவ்வளவு எடுப்போம் என்று விதைப்புக்கு முன்பே ஒப்பந்தம் போட வேண்டும். ஊடுபயிராகப் போடச் சொன்ன துவரையையும் வாங்க வேண்டும். சேரன் சார் படித்துவிட்டு, அடுத்த வருஷம் பாக்கலாம்மா என்றார். விதைக்கிறவளுக்கு அடுத்த வருஷம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

உன் பேச்சை நம்பித்தான் உங்கள் மலையில் நாற்பது குடும்பங்கள் யூரியாவை விட்டன. இப்போது ஊரில் யாரும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று உன் தங்கை போனில் அழுதாள். அந்தச் சல்லடைத் தாளின் நகலை, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் சத்தமாகப் படி. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், உன்னைத் திட்ட வேண்டாம். தாளை வெளியே கொடுத்தது கம்பெனிக்குத் தெரிந்தால் என் வேலை போகலாம். போகட்டும்.

ஆடி நெருங்குகிறது. இந்த முறையும் விதைப்பாயா என்று எந்த முகத்தோடு கேட்பேன்? உன் கொல்லைக் காட்டில் மழை தப்பாமல் பெய்யட்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி கையெழுத்துப் போட்ட தாள் உன் கைக்கு வராமல் எங்களுக்காக ஒரு பிடி விதைகூட எடுக்காதே. நானே வந்து நின்று சத்தியம் செய்தாலும் நம்பாதே.

உன்
ரெனிட்டா