சலூனில் விட்டுவந்த சீப்பு

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

வணக்கம். நானும் சுண்டுவும் நலம் என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இருக்கட்டும். நீங்கள் எழுதிய கணினி விளையாட்டோடு அனுப்பிய பிளாப்பி வந்து பதினெட்டு நாளாகிறது. பத்து நாளில் விளையாடி முடித்துப் பிழைகளை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். தாமதத்துக்குக் காரணம் உண்டு.

முதலில் உங்கள் வேலை. உங்கள் எழுத்தாள நண்பரின் கதையை அழகாக விளையாட்டாக்கியிருக்கிறீர்கள். தலையில் ஒரு முடிகூட இல்லாத வேற்றுக்கிரகத்துக்காரர்கள் சலூன்காரரைக் கடத்திக்கொண்டு போய், “எங்களுக்கு எந்த ஸ்டைல் எடுப்பா இருக்கும்?” என்று கேட்கும் இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். படமே இல்லை, வெறும் எழுத்துதான். ஆனாலும் ‘கதவைத் திற’, ‘மேலே போ’ என்று தட்டத் தட்ட விண்கலமே கண்முன் வந்துவிடுகிறது. பிழை என்றால், ‘கத்தரியை எடு’ என்றால் எடுக்கிறது, ‘கத்தரிக்கோலை எடு’ என்றால் முழிக்கிறது.

விண்கலம் கிளம்பும்போது சங்கு ஊதுகிறதே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுண்டு இரண்டடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆடி ஊதவிட்டேன். ஏழு முறை. ஏழாவது முறை டப்பா எடுக்கத் தற்செயலாகத் திரும்பியவள், நான் அழுததைப் பார்த்துத்தான் எழுந்து வந்தாள்.

இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லையே என்றால், அத்தை “அப்பனை மாதிரி, யோசிச்சுப் பேசுவா” என்பார்கள். தையல்கடை அக்கா, “எங்க வீட்டுக்காரரு நாலு வயசுலதான் வாயைத் திறந்தாரு, இப்ப மூடச் சொல்லு பாப்போம்” என்பார். நானும் சிரித்துக்கொண்டு நம்பினேன்.

டாக்டரிடம் போகலாமென்று தடுப்பூசி அட்டையைத் தேடினேன். ஃபைலில் அதன் பின்னால் ஒரு சீட்டு. பிறந்தபோது வந்த மஞ்சள் காமாலை தெளிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தது: ‘மூன்றாம் மாதம் காது சோதனைக்கு அவசியம் வரவும்.’ அந்த மாதம்தான் நாம் வீடு மாறினோம். சீட்டை வாங்கி வைத்தவள் நான்தான். டாக்டர் திரும்ப வரச் சொன்னாரா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னவளும் நான்தான்.

வேறெதையாவது நினைக்கலாமென்று விளையாட்டை முடிக்க உட்கார்ந்தேன். நூற்று நாற்பதாவது கட்டளையில் கடைசி வாசல். காவலாளி சீப்பு கேட்டான். அது முதல் அறையில், சலூன் கண்ணாடிக்குக் கீழே இருந்ததாம். திரும்பிப் போக வழியில்லை. ஒரு வார்த்தை எச்சரிக்காமல், அவ்வளவு தூரம் சிரிக்க வைத்துக் கூட்டிவந்துவிட்டு இப்படிச் செய்யலாமா? கணினியை அணைத்தவள் அப்புறம் பேனாவைத் தொடவேயில்லை.

இந்த இரண்டை மட்டும் மாற்றிவிடுங்கள். கட்டளை புரியாதபோது ‘காது கேக்கல, சத்தமா சொல்லுங்க’ என்று வருவதை எடுத்துவிடுங்கள். கடைசி வாசலிலிருந்து சலூனுக்கு ஒரு வழி வையுங்கள். எவ்வளவு சுற்றானாலும் பரவாயில்லை.

சுண்டுவுக்குக் காது சோதனை பதினான்காம் தேதி, காலை பத்து மணிக்கு. உங்களுக்கும் வேலை முடிக்கவேண்டிய வாரம் என்று தெரியும்.

இதையெல்லாம் தையல்கடை போனில் சொல்ல முடியவில்லை, அங்கே நாலு பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அப்புறம் வழக்கம்போல ரிசீவரை அவள் காதில் வைப்பேன். நீங்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்று வாராவாரம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இருந்தாலும் பேசுங்கள். சிங்கம் மாதிரி உறுமுங்கள், அந்தப் பாட்டைப் பாடுங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சுண்டுவின் அம்மா